கோப்பையின் அடியில் இருந்த பேய்

தியாகராஜா மியூசியத்தில் கிரேக்க அறைக்குக் காவல். அவர் தும்மினால் அங்குள்ள சிலைகளின் மூக்கு உடையும் என்று கிழக்கு லண்டனில் பார்க்கிங் ஊர் முழுக்கப் பகிடி. அந்த அறையில் குட்டைக் காலோடு ஓர் அகன்ற மண் கோப்பை. வெளிப்பக்கம் இரண்டு பெரிய கண்கள். உள்ளே அடியில் நாக்கை நீட்டியபடி ஒரு பேய் முகம். கட்டிலில் சாய்ந்து வைன் குடித்த கிரேக்கனுக்கு அது கடைசி மிடறில்தான் தெரியும்.

சிவானந்தனுக்கென்றே செய்த சாமான் என்று தியாகராஜாவுக்குப் பட்டது. அவருடைய கூட்டாளி சிவானந்தன் தேம்ஸில் விஸ்கி ஓடினால் மத்தியானத்துக்குள் ஆற்றை வற்றவைக்கிற ஆள். ஈரல் பழுது, இனிக் குடியைத் தொட்டால் ஆள் முடிந்தது என்று டொக்டர் சொல்லியாயிற்று. மனைவி சிவகௌரி அழுதும் பார்த்துவிட்டார். ஆனால் மனுசனுக்குப் பேய் என்றால் நடுக்கம். ஐம்பது வயதிலும் லைட் போட்டுத்தான் படுக்கை.

மியூசியக் கடையில் அதே மாதிரிக் கோப்பை விற்றார்கள். தியாகராஜா வாங்கிப் பிறந்தநாளுக்குக் கொடுத்தார். குடித்தால் இந்தப் பேய்ச்சி வருவாள் என்றும் சொல்லிவைத்தார்.

சிவானந்தன் வெளிறித்தான் போனார். அவர் வீட்டுக் கராஜில் கூடியிருந்த கூட்டாளிகள் சிரித்தார்கள். சிரித்த சிரிப்பில் அவருக்கு ரோசம் வந்துவிட்டது. கோக் கலந்த கறுத்த விஸ்கியைக் கோப்பையில் நிரப்பி, விரலைத் தோய்த்து நிலத்தில் ஒரு துளி தெறித்து, அது பேயின் பங்கு என்று சொல்லி வாயில் கவிழ்த்தார். அவர் முகம் மறைந்தது. கோப்பையின் கண்கள் இரண்டும் தியாகராஜாவையே பார்த்தன.

“தியாகண்ணை, உங்கட பேய்தான் என்னைக் கண்டு பயப்பிடுது,” என்றார் சிவானந்தன்.

அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் பேய் பார்க்கிற விளையாட்டு. தியாகராஜா கோப்பையைத் திருப்பிக் கேட்டார். தந்ததைத் திருப்பிக் கேட்கிற கஞ்சன் என்று கராஜே குலுங்கியது. அவரும் சேர்ந்து சிரித்தார்.

தை மாதம் கொடுத்த கோப்பை. சித்திரைக்குள் சிவானந்தன் போய்விட்டார்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவன்று, செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் படத்துக்கு முன்னால் படைத்தார்கள். ஆட்டிறைச்சி, மீன் ரோல்ஸ், சிகரெட். விஸ்கிப் போத்தலைத் திறந்தது தியாகராஜா. கிளாஸ் கேட்டார். சிவகௌரி அந்தக் கோப்பையைத்தான் கொண்டுவந்து வைத்தார்.

தியாகராஜா கொஞ்சமாக ஊற்றினார்.

“நிரப்புங்கோ அண்ணை. அந்த மூஞ்சை எனக்குத் தெரியக் கூடாது,” என்றார் சிவகௌரி.

விளிம்புவரை ஊற்றினார். தனி விஸ்கி தேத்தண்ணி நிறத்தில் தெளிந்து நின்றது. அடியில் பேய் நாக்கை நீட்டியபடியே இருந்தது.

சிவகௌரி குனிந்து பார்த்தார்.

“கோக் இருக்குது, எடுத்துக்கொண்டு வாறன்,” என்று குசினிக்குப் போனார்.