மாமா உட்கார முடியாத பந்தயக் கார்

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளாம்பாக்கத்தில் கடலூர் பஸ் ஏறினேன். டிக்கெட் நூற்றெண்பது ரூபாய். புதுச்சேரி வழியாகப் போகிற வண்டி, நான்கு மணி நேரப் பயணம். திண்டிவனம் வரை பக்கத்து சீட்டு அம்மா என் தோளில் தூங்கிக்கொண்டு வந்தார். எனக்குத் தூக்கம் வரவில்லை. வயிற்றெரிச்சலோடு போகிறவர்களுக்கு பஸ்ஸில் தூக்கம் வராது.

விஷயம் இதுதான். சென்னையில் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காக, அடிபட்ட கார்களைப் பார்த்துச் சேதம் எவ்வளவு என்று சொல்வது என் வேலை. நல்ல கார்கள் என் ஆசை. அதிலும் ஒரு காரைப் பத்து வருடமாகத் தேடிக்கொண்டிருந்தேன். சோழவரம் விமானத் தளத்தில் பந்தயம் நடந்த காலத்தில், சென்னை ஆள் ஒருவர் தன் கையாலேயே கட்டிய ஒற்றை இருக்கைக் கார் அது. கதவு கிடையாது, கூரை கிடையாது, நான்கு சக்கரமும் உடம்புக்கு வெளியே நிற்கும். பழைய பந்தய ரசிகர் ஒருவர் அதன் படத்தைக் காட்டினார். அன்றிலிருந்து இணையத்தில் நான் தேடாத மூலை இல்லை.

அந்தக் கார் கடலூர் செம்மண்டலத்தில், என் அக்கா வீட்டுக்காரரிடம் இருப்பதாகப் போன வாரம் தெரிந்தது. இளங்கோ மாமா டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். கார்புரேட்டரைக் காட்டினால் இது எந்த பாத்ரூமுக்கு என்று கேட்பார். அவருக்குப் போய் அது கிடைத்திருக்கிறது.

போலியாக இருக்க வேண்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டு வந்தேன். புதுச்சேரி தாண்டும்போது பஸ் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

கடலூர் பஸ் நிலையத்தில் ஆட்டோக்காரரிடம் தெருப் பெயரைச் சொன்னதும், “ராக்கெட்டு வெச்சிக்கிறாரே, அவுரு வூட்டாண்டயா?” என்றார். நூற்றிருபது ரூபாய் கேட்டார். ராக்கெட்டைத் தானும் போய்ப் பார்த்ததாகவும், ஓரமாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டதாகவும் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் பேரம் பேசக்கூட மறந்துவிட்டேன்.

வீட்டு வாசலில், வழக்கமாக மாமாவின் பெரிய கார் நிற்கும் இடத்தில், அது நின்றது. பெரிய கார் வெயிலில் தெருவில் நின்றது.

சுருட்டு போல நீண்ட உடம்பு. நடுவில் ஓர் ஆள் நுழையும் ஓட்டை. வெள்ளி நிறத்தில் புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். முன்மூக்கில் ‘அம்மா அப்பா ஆசி’ என்று ஸ்டிக்கர். ஸ்டிக்கரைப் பார்த்ததும் போலிதான் என்று ஒரு நிம்மதி வந்தது. அப்புறம் பெட்ரோல் மூடியைப் பார்த்தேன். பித்தளை மூடி, உச்சியில் சின்னக் குமிழ், ஓரத்தில் ஒரு நசுங்கல். சரியான மூடி கிடைக்காமல், கட்டியவர் தன் வீட்டுக் காபி ஃபில்டரின் மூடியையே எடுத்துப் போட்டுவிட்டாராம். நான் பார்த்த படத்திலும் அதே குமிழ், அதே நசுங்கல்.

அசல்தான்.

“வந்துட்டியா வாணி? நல்லா பாத்து சொல்லு,” என்றபடி மாமா வெளியே வந்தார். ஆள் நல்ல உயரம், அதைவிட நல்ல அகலம். “அந்த டப்பா மூடிய மாத்திடணும். அசிங்கமா கீது.”

“ம்,” என்றேன்.

மதியச் சாப்பாட்டில், வஞ்சிரம் வறுவலுக்கு நடுவே, காரின் கதையைச் சொன்னார். பந்தயங்களில் ஓடி முடித்தபின், கடலூர் பழைய துறைமுகப் பக்கம் படகு வைத்திருந்த ஒருவர் அதை வாங்கியிருக்கிறார். அவருக்கு வேண்டியது எஞ்சின் மட்டும். அதைக் கழற்றிப் படகில் மாட்டினார். படகு பழசாகி உடைந்தபின் எஞ்சின் பிச்சாவரம் பக்கத்தில் ஓர் இறால் குட்டைக்குத் தண்ணீர் இறைத்தது. எஞ்சின் இல்லாத கூடு சிதம்பரத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோவுக்குப் போனது. பின்னால் மலைப்படம் போட்ட திரை, முன்னால் இந்தக் கார். அந்த ஊர்க் குழந்தைகள், புதுமாப்பிள்ளைகள், கறுப்பு அங்கி போட்ட பட்டதாரிகள் எல்லோரும் அதில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஸ்டுடியோவை மூடியபோது மாமா கூட்டை வாங்கினார். பிறகு எஞ்சினைத் தேடிக் கண்டுபிடித்து, கடலூர் மெக்கானிக்கை வைத்துத் திரும்ப மாட்டி ஓடவும் வைத்துவிட்டார்.

“எஞ்சின் இருந்த எடத்த எப்படி மாமா கண்டுபிடிச்சீங்க?”

“டீக்கடையில கேட்டேன்.”

பத்து வருடம் நான் இணையத்தில் தேடினேன். இவர் டீக்கடையில் கேட்டிருக்கிறார்.

கூடத்துச் சுவரில் பழைய படம் ஒன்று புதிதாக மாட்டியிருந்தது. அதே கார், அதே மலைத்திரை. காருக்குள் ஒரு பையன் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான். அவனைவிடச் சின்னவன் ஒருவன் வெளியே, சக்கரத்தின் பக்கத்தில், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நிற்கிறான். சின்ன வயதிலேயே இவர் அதில் உட்கார்ந்துவிட்டாரா என்று அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

அப்போதுதான் அடுத்த செய்தி வந்தது. ஞாயிறு காலை சிதம்பரம் கீழ வீதியில் காருக்குப் பூசை. திங்கட்கிழமை வெல்டர் வருகிறார். நடுவில் இருக்கிற இரும்புச் சட்டத்தை வெட்டி அகலமாக்கி, இரண்டு சீட் போடப் போகிறார்களாம்.

“ரெண்டு சீட்டா? எதுக்கு?”

அக்கா தட்டில் மோர் ஊற்றிக்கொண்டே சொன்னாள். “பின்ன? வண்டி வாங்கறது குடும்பமா போறதுக்குத்தான? இவுரு மட்டும் குந்திக்கினு போவாரு, நான் பின்னாடி ஓடுவனா?”

“ஒங்கக்காவும் வரணும்ல,” என்றார் மாமா, தட்டைப் பார்த்தபடி. “எனக்கும் அதுல நொழைய முடியல. எடம் பத்தல.”

சட்டத்தை வெட்டினால் அந்தக் கார் அதோடு முடிந்தது. அப்புறம் அது வாசலில் நிற்கிற தகர டப்பா. என் வேலையில் இதைச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம். ஆனால் அன்று வாயைத் திறக்கவில்லை. எனக்கு இல்லாதது இவருக்கு மட்டும் எதற்கு என்று ஒரு எண்ணம். வெட்டட்டுமே. அந்த எண்ணத்தோடேயே படுத்து நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிறு காலை ஐந்து மணிக்குக் காரை ஒரு குட்டியானை லாரியில் ஏற்றிக் கட்டினோம். நாங்கள் மாமாவின் காரில் பின்னால் போனோம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர், வெள்ளாற்றுப் பாலம், சிதம்பரம். நாற்பத்தைந்து கிலோமீட்டர். வழியில் ஓவர்டேக் செய்த ஒவ்வொரு பைக்குக்காரனும் குட்டியானைக்குப் பக்கத்தில் வந்ததும் வேகத்தைக் குறைத்துக் கைப்பேசியை நீட்டினான். மாமா அத்தனை பேருக்கும் கையாட்டினார்.

கீழ வீதியில் கோபுரத்துக்கு எதிரே காரை இறக்கினோம். பூசை செய்ய வந்தவர் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். எங்கே பொட்டு வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் ஸ்டீயரிங்குக்கும் பெட்ரோல் மூடிக்கும் வைத்தார். மாலை போட்டு, சூடம் காட்டி, நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்.

“ஏறி ஓட்டுங்க,” என்றார்.

“தள்ளிக்கிறோம் சாமி,” என்றார் மாமா.

“தள்ளக் கூடாதுங்க. வண்டி தானா ஓடித்தான் பழத்து மேல ஏறணும். ஆரு ஓட்டறது?”

மாமா நுழைய முடியாது. குட்டியானை டிரைவர் உடம்பில் மாமாவுக்கே அண்ணன் மாதிரி இருந்தார். அக்காவுக்கு ஸ்கூட்டர்கூட வராது. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஐந்தடி.

“குந்து வாணி,” என்றார் மாமா.

உட்கார்ந்தேன். எனக்கென்று அளவெடுத்துத் தைத்த சட்டை போல இருந்தது. முழங்கால் இருக்க வேண்டிய இடத்தில் முழங்கால், கைக்கு எட்டிய இடத்தில் கியர். கட்டியவரும் என்னைப் போலக் குள்ளமான ஆளாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்ததும் சத்தத்தில் கோபுரத்துப் புறாக்கள் மொத்தமும் கிளம்பின. பழங்கள் நசுங்கின. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

நிறுத்தவில்லை. தெற்கு வீதியில் திரும்பினேன். அப்புறம் மேல வீதி, வடக்கு வீதி. தேர் போகிற வழியிலேயே ஒரு சுற்று. ரோடு இடுப்புக்குப் பக்கத்தில் ஓடியது. பால் வாங்க வந்தவர்கள் சுவரோரம் ஒதுங்கினார்கள். “பொண்ணுக்கு எதாச்சும் வேண்டுதலா?” என்று யாரோ கேட்டது காதில் விழுந்தது. போலீஸ் யாரும் கண்ணில் படவில்லை. இவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் ஓட்டியதில்லை.

திரும்பக் கீழ வீதிக்கு வந்தபோது மாமா நின்ற இடத்திலேயே நின்றார். உதடு பிதுங்கியிருந்தது. அந்த முகத்தை நான் முந்தின நாள் பஸ் கண்ணாடியில் பார்த்திருந்தேன். சுவரில் இருந்த படத்திலும் பார்த்திருந்தேன்.

ஓட்டலில் இட்லியும் கொத்சும் வந்தன. மாமா தொடவில்லை.

“சுவத்துல இருக்கற போட்டோவுல உள்ள குந்தியிருக்கறது நீங்க இல்லயா?” என்றேன்.

“அது எங்கண்ணன். ஒரு ஆளுக்குத்தான் எடம்னு ஸ்டுடியோக்காரன் சொல்லிட்டான். பெரியவன குந்த வெச்சாங்க. நான் வெளிய நின்னேன்.” தண்ணீர் குடித்தார். “ரெண்டு சீட்டு இருந்திருந்தா நானும் குந்தியிருப்பேன்ல?”

அக்காவுக்கே இது புதுச் செய்தி என்று அவள் முகத்தில் தெரிந்தது.

அப்போதுதான் சொன்னேன். கார் அசல், பித்தளை மூடிதான் அதற்குச் சாட்சி, சட்டத்தை வெட்டினால் அது அந்தக் காரே இல்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். நல்ல மனதால் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இன்னொரு முறை அதை ஓட்ட வேண்டும், அதற்காகச் சொன்னேன்.

“அப்ப நான் எப்பதான் அதுல குந்தறது?” என்றார் மாமா.

அவரே யோசித்தார். பிறகு தட்டில் இருந்த ஆறு இட்லியில் நான்கை எடுத்து அக்காவின் தட்டில் வைத்தார்.

“வெல்டர வர வாணாம்னு சொல்லிடறேன். நான் எளைச்சிக்கறேன். நாளையிலர்ந்து சில்வர் பீச்சுல நடக்கறேன். ஸ்வீட்டு கெடயாது, ராத்திரிக்கு சோறு கெடயாது. ஆறு மாசத்துல குந்திக் காட்டறனா இல்லயா பாரு.”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. டீக்கடையில் கேட்டே எஞ்சினைக் கண்டுபிடித்த ஆள். சொன்னால் செய்துவிடுவார் என்று எனக்குத் திக்கென்றது. அவர் இளைக்கிற வரைக்கும் அந்தக் காருக்குப் பொருத்தமான ஆள் நான் ஒருத்திதான்.

பத்தரை மணிக்குச் சென்னை பஸ். மாமா காரைத் திரும்ப ஏற்றிக் கட்டுவதில் இருந்தார். அக்கா மட்டும் பஸ் நிலையத்துக்கு வந்தாள். இந்த ஊரில் வெயில் சீக்கிரம் ஏறிவிடுகிறது, சென்னையைவிடப் புழுக்கமும் ஜாஸ்தி. பஸ் நிலையக் கடையில் நெய் விட்ட முந்திரி கேக் ஒரு கிலோ வாங்கினேன். எண்ணூறு ரூபாய். ஜன்னல் வழியாக அக்காவிடம் நீட்டினேன்.

“மாமாவுக்கு ரொம்பப் புடிக்கும்ல. வாங்கினு போ.”

அக்கா பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“அவுரு எளைக்கக் கூடாதுன்னுதான வாங்கியாந்த?”

பஸ் நகர்ந்தது. நான் இல்லையென்று சொல்லவில்லை.