உலகக் குடிமக்கள்

அந்த அம்மையாரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னித்தால் மனம் இலேசாகும் என்று புத்தி சொல்பவர்கள் இருக்கிறார்கள். என் மனம் பாரமாகவே இருக்கட்டும். சுமந்து பழகிவிட்டேன்.

யுத்த காலத்தில் வெள்ளவத்தையில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் தற்காலிக ஆசிரியையாக இருந்தேன். வீடு கொட்டாஞ்சேனையில். வீடு என்றால், அப்பா வேலை செய்த சலூனுக்குப் பின்னால் இருந்த ஒரு அறை. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தபோது சலூன் முதலாளி இரக்கப்பட்டுத் தந்தது. அப்பா முடி வெட்டுபவர். கொட்டாஞ்சேனையில் துறைமுகத் தொழிலாளரும் கிளார்க்மாரும் அவரை அங்கிள் என்று கூப்பிட்டு, கண்ணாடிக்கு முன்னால் கழுத்தைக் கொடுத்துவிட்டு உலகக் கதையெல்லாம் கதைப்பார்கள். ஊரில் அவரை ஒருவரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அங்கே அவர் பெரிய வீடுகளின் முற்றத்தில் நின்று வெட்டியவர். கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் தொண்டு செய்யப் போய் நிற்க வேண்டியவர். அப்படிப் போய் நிற்கிறவர்களுக்கு எங்கள் ஊரில் ஒரு பெயர் இருந்தது: குடிமக்கள். அகராதியில் பார்த்தால் நாட்டுப் பிரசைகள் என்றுதான் இருக்கும். ஊரில் அகராதி பார்த்து யாரும் கதைப்பதில்லை.

ஒரு வருடம் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்று பாடசாலைக்கு ஒரு பெட்டி அனுப்பியது. உலக அபிவிருத்தியையும், உலகத்தின் பிரசையாக வாழ்வதையும் வகுப்பறையில் கற்பிப்பதற்கான பெட்டி. ஆசிரியர் கைநூல், விளையாட்டு அட்டைகள், பெரிய பெரிய படங்கள், தெற்கு மேலே இருக்குமாறு அச்சடித்த உலகப் படம் ஒன்று. எல்லாம் ஆங்கிலத்தில். தலையில் குடத்தோடு வெயிலில் நடக்கும் ஆபிரிக்கப் பெண்களின் படத்தைத் தூக்கிக் காட்டியபோது எட்டாம் வகுப்பில் ஒருத்தி, "இது வன்னியா மிஸ்?" என்று கேட்டாள். அப்போதே எனக்கு இந்தப் பெட்டி பிடித்துப் போயிற்று.

பகுதித் தலைவியாக இருந்தவர்தான் நான் சொல்லும் அம்மையார். எங்கள் ஊருக்கு அடுத்த ஊர்க்காரி. பெட்டியை என் மேசையில் வைத்து, "இதைத் தமிழாக்கித் தாரும் பிள்ளை. புத்தகத்தின்ர முன்பக்கத்தில உம்மட பெயர் வரும்" என்றார். அன்று பின்னேரம் அப்பாவிடம் சொன்னேன். அடுத்த நாள் சலூனுக்கு வந்தவர்களுக்கெல்லாம், "மகளின்ர புத்தகம் அச்சில வருது" என்று சொல்லத் தொடங்கினார். பிறகு நான் வேலை முடிந்து வரும்போதெல்லாம் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு, "பெயர் வந்திட்டுதோ?" என்று கேட்பார். அவருடைய வாழ்க்கையில் அவர் எதிர்பார்த்துக் காத்திருந்து நான் கண்ட ஒரே விஷயம் அதுதான்.

பள்ளிக்கூட வருடத்தில் இரண்டு தவணைக் காலம் வேலை செய்தேன். மொழிபெயர்த்த பாடங்களை எட்டாம் வகுப்பில் படிப்பித்துப் பார்த்து, பிள்ளைகளுக்கு விளங்காததை மாற்றி எழுதினேன். ஒரு நாள் சோதனைச் சாவடியில் சிப்பாய் ஒருவன் என் பைக்குள்ளிருந்த உலகப் படத்தை விரித்துவிட்டு, "மே மொகத?" என்றான், இது என்ன என்று. "லோக சிதியம" என்றேன், உலகப் படம் என்று. அவன் இலங்கையைத் தேடினான். அது தலைகீழாகத் தொங்கியது. வடக்கு ஏன் கீழே கிடக்கிறது என்று அவனுக்கு விளக்கம் சொல்லும் அளவுக்கு என் சிங்களம் காணாது. மேலதிகாரி வரும்வரை முக்கால் மணித்தியாலம் வெயிலில் நின்றேன். வடக்கிலிருந்து வந்த ஒருத்தி வடக்கைத் தலைகீழாக்கிக்கொண்டு திரிந்தால் சந்தேகம் வரத்தானே செய்யும்.

எழுதி முடித்த பிரதியை ஆசிரியர் அறையில் அம்மையார் புரட்டிப் பார்த்தார். சுற்றி நான்கு ஆசிரியைகள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். தலைப்பிலேயே அவருடைய விரல் நின்றது. நான் 'உலகக் குடிமக்கள்' என்று எழுதியிருந்தேன். அச்சில் ஏறினால் சொல் குளித்து முழுகி வந்துவிடும் என்று நினைத்த முட்டாள் நான்.

"உலகக் குடிமக்களோ?" என்றார். "உலகம் முழுக்க ஆர்ர வீட்டில கலியாணம் பிள்ளை, இவை போய் நிக்க?"

நான்கு பேரும் சிரித்தார்கள். இரண்டு பேர் தேநீர் சிந்தச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவர் குரலைத் தாழ்த்தி, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "உமக்கு இந்தச் சொல்லின்ர அர்த்தம் ஆரும் சொல்லித் தரத் தேவையில்லைத்தானே. அண்ணா கொப்பரிட்டத்தான் தலைமயிர் வெட்டுறவர்."

அவருடைய அண்ணனுக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு கம்பனியில் வேலை. மாதம் ஒருமுறை அப்பாவின் கதிரையில் வந்து உட்காருபவர். அவர்தான் வீட்டில் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு திருத்தங்களைக் கொடுக்க நான் அம்மையாரின் ஃபிளாட்டுக்குப் போனபோது, அங்கே வந்திருந்த மற்ற ஆசிரியைகளுக்குப் பீங்கான் கோப்பையும் எனக்குப் பிளாஸ்டிக் கோப்பையும் வந்தன. நான் குடித்தேன். ஏன் குடித்தேன் என்று இன்றைக்கும் என்னை நானே திட்டுவதுண்டு.

புத்தகம் அச்சாகி வந்தது. தலைப்பு, 'உலகப் பிரசைகள்'. அதற்குக் கீழே, 'தமிழாக்கம்' என்று போட்டு அம்மையாரின் பெயர், பட்டங்களோடு. நான் போய்க் கேட்டேன்.

"நீர் தற்காலிகம்தானே பிள்ளை. நிரந்தர ஆசிரியையின்ர பெயர்தான் போடலாமாம். நான் என்ன செய்யிறது?" என்றார், பேனாவை மூடிக்கொண்டே.

அன்று அப்பா, "பெயர் வந்திட்டுதோ?" என்று கேட்டார். "இன்னும் இல்லை" என்றேன். அந்த இரண்டு சொற்களுக்கு அம்மையார் பதில் சொல்ல வேண்டும் என்று முடிவெடுத்தேன். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். என் கோபத்தை நான் ஆறவிடவில்லை. தினமும் அடுப்பில் ஏற்றி இறக்கினேன்.

ஆண்டவன் கண் திறந்தான். பெட்டியை அனுப்பிய நிறுவனத்திலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மா வகுப்பைப் பார்க்க வருகிறார் என்று கடிதம் வந்தது. மொழிபெயர்த்தவரே பாடம் நடத்திக் காட்ட வேண்டுமாம். அம்மையார் அந்தப் புத்தகத்தில் ஒரு பாடமேனும் நடத்தியவரல்ல. என்னைக் கூப்பிட்டு, "எது சுகமான பாடம்?" என்று கேட்டார். "ஓர் அடி முன்னால்" என்ற விளையாட்டைச் சொன்னேன். எல்லாரும் ஒரு வரிசையில் நிற்க வேண்டும். ஒவ்வொரு அட்டையாக வாசிக்கப்படும். அட்டையில் இருப்பது தனக்கு உண்மையானால் ஓர் அடி முன்னால் வைக்கலாம். இல்லையென்றால் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். கடைசியில் யார் முன்னால், யார் பின்னால், ஏன் என்று கதைக்க வேண்டும். ஆசிரியரும் வரிசையில் நிற்பது கட்டாயம். அட்டைகளை அந்தந்த ஊருக்கு ஏற்ப நாமே எழுதிக்கொள்ளலாம் என்று கைநூலில் இருந்தது.

"அப்ப நீரே பத்து அட்டை எழுதித் தாருமன்" என்றார் அம்மையார். நான் எழுதிக் கொடுத்தேன். அவர் வாசித்துப் பார்க்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். தன் பெயர் போட்ட புத்தகத்தையே வாசிக்காதவர்.

அன்று அவர் பட்டுச்சேலையில் வந்தார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று, ஒவ்வொரு அட்டையையும் தமிழில் வாசித்து, விருந்தாளிக்கு ஆங்கிலத்திலும் சொன்னார். நான் பின்சுவரோடு நின்றேன். முதல் சில அட்டைகள் சாதாரணமானவை. 'வழியில் பையைத் திறந்து காட்டாமல் நான் பள்ளிக்கூடத்துக்கு வரலாம்' என்ற அட்டைக்கு ஒருவரும் அசையவில்லை. வெள்ளைக்கார அம்மா கொப்பியில் எதையோ வேகமாக எழுதினார்.

ஏழாவது அட்டை: 'எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் ஒரே மாதிரிக் கோப்பையில் தேநீர் கொடுப்போம்.' அம்மையார் வாசித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு சேலையைச் சற்றே தூக்கிக்கொண்டு ஓர் அடி வைத்தார். என் நெஞ்சு குளிர்ந்தது. எட்டாவது, 'நான் செய்த வேலைக்கு என் பெயர்தான் போடப்படும்.' அவர் குரல் இறங்கியது. ஒன்பதாவது, 'மற்றவர் செய்த வேலைக்கு என் பெயரை நான் போட்டதில்லை.' அதைத் தமிழில் வாசித்துவிட்டு ஆங்கிலத்தில், நான் மற்றவர்களுக்கு உதவி செய்பவள் என்று மாற்றிச் சொன்னார்.

பாமன்கடையிலிருந்து வரும் ஒருத்தி, வீட்டில் ஆங்கிலமே பேசுபவள், கையை உயர்த்தினாள். "மிஸ், அப்படி இல்லையே" என்றுவிட்டு, வெள்ளைக்கார அம்மாவுக்குச் சரியான ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் சிரித்து, நல்ல அட்டை, யார் எழுதியது என்று கேட்டார். பிள்ளைகள் எல்லாரும் திரும்பி என்னைக் காட்டினார்கள். "புத்தகம் முழுக்க எங்கட மிஸ்தான் எழுதினவ. எங்களுக்குப் படிப்பிச்சுப் பார்த்துத்தான் எழுதினவ" என்று ஒருத்தி சொல்ல, பாமன்கடைக்காரி அதையும் ஆங்கிலமாக்கினாள். விருந்தாளி கையிலிருந்த புத்தகத்தின் முன்பக்கத்தைப் பார்த்தார். அம்மையாரைப் பார்த்தார். அம்மையாரின் முகத்தில் பவுடர் மட்டும்தான் மிஞ்சியிருந்தது. அந்த ஒரு நிமிடத்தை யார் வந்து என்ன விலை கேட்டாலும் நான் விற்க மாட்டேன்.

அத்தோடு முடிந்திருந்தால் இதை எழுத வேண்டிய தேவை வந்திருக்காது.

வெள்ளைக்கார அம்மா சந்தோஷத்தில் என் கையைப் பிடித்து இழுத்து, கடைசி அட்டைக்கு நானும் வரிசையில் நிற்க வேண்டும் என்றார். பிள்ளைகள் கை தட்டினார்கள். கடைசி அட்டை எல்லாரும் முன்னால் வரக்கூடியதாக இருக்கட்டும், பிள்ளைகள் சிரித்துக்கொண்டு முடிக்கட்டும் என்று கைநூலில் இருந்தது. ஒன்பதாவது அட்டையோடு என் நஞ்சையெல்லாம் கக்கிவிட்டு, பத்தாவதை நல்ல மனதோடு, சின்னப் பிள்ளைகளுக்காக எழுதியிருந்தேன். எல்லாருக்கும் சுலபமானது என்று நினைத்து எழுதியது.

அம்மையார் அதை எடுத்து முதலில் மனதுக்குள் வாசித்தார். அவருடைய முகத்துக்கு இரத்தம் திரும்பி வந்ததை நான் கண்டேன்.

"'என் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று யார் கேட்டாலும் உரத்துச் சொல்வேன்'" என்று ஆறுதலாக, அழகாக வாசித்தார்.

பிள்ளைகள் பாய்ந்தார்கள். "பேலியகொடையில மீன் விக்கிறவர்" என்றாள் ஒருத்தி. "ஓட்டோ ஓடுறவர்", "கிளார்க்", "போர்ட்டில மூட்டை தூக்குறவர்" என்று ஆளுக்கு ஆள் கத்திக்கொண்டு முன்னால் போனார்கள். அம்மையாரும் ஓர் அடி வைத்து, "அப்புக்காத்து" என்றார், வக்கீலின் மகள் என்ற மிடுக்கோடு. வரிசையில் நான் தனியாக நின்றேன்.

"நீரும் வாருமன் பிள்ளை" என்றார் அம்மையார், தேன் ஒழுக.

முப்பத்தைந்து பிள்ளைகள் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்று தேநீர் சிந்தச் சிரித்த இரண்டு பேரும் வாசலில் நின்றார்கள். வெள்ளைக்கார அம்மா, ஏன் வரவில்லை என்று அன்பாகக் கேட்டார். என் வாயில் ஆங்கிலம்தான் வந்தது. தமிழில் அதைச் சொல்ல நாக்கு எழுந்திருக்காது. என் அப்பா உயிரோடு இல்லை என்றேன்.

அந்த நேரம் அவர் கொட்டாஞ்சேனையில் யாருடைய தலைக்கோ தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்திருப்பார். அம்மையாருக்கும் அது தெரியும். அவர் நினைத்திருந்தால் அந்த இடத்திலேயே என்னைக் கிழித்துப் போட்டிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. என் தோளில் கை வைத்து, பாவம், சின்ன வயதிலேயே தகப்பனை இழந்தவள் என்று விருந்தாளிக்குச் சொன்னார். பிறகு என் காதுக்குள், "கவலைப்படாதையும், நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்றார். பழி வாங்குவது எப்படி என்று அன்றுதான் எனக்கு ஒருவர் முறையாகப் படிப்பித்தார்.

அடுத்த வருடம் இரண்டாம் பதிப்பு வந்தது. முன்பக்கத்தில் என் பெயர் மட்டும், பெரிய எழுத்தில். உள்ளே வெள்ளைக்கார அம்மா ஒரு முன்னுரை எழுதியிருந்தார். இளவயதிலேயே தந்தையை இழந்தும் தளராத இந்த ஆசிரியை, என்று அதன் முதல் வரி தொடங்கியது.

அப்பா அதற்குப் பிறகு ஏழு வருடங்கள் இருந்தார். ஒரு காகிதம் கிடைத்தால் எழுத்துக்கூட்டி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசிக்காமல் விடாத மனிதர். "பெயர் வந்திட்டுதோ?" என்று கேட்பதை அவர் கடைசிவரை விடவில்லை. இன்னும் இல்லை அப்பா என்றுதான் ஒவ்வொரு முறையும் சொன்னேன்.