மசூர்க்காவுக்குத் தாளம் போட்டவர்

நியூஜெர்சியின் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் குடியிருந்த தமிழர்களில் போலந்து நாட்டு இசையைப் பற்றி எல்லாம் தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார். அவர் பெயர் குமாரசாமி. அவருக்கு உண்மையில் எவ்வளவு தெரியும் என்பது தெரிந்தவளும் ஒருத்திதான். அவள் அவருடைய மனைவி சாரதா. அந்த அளவை அவள் வெளியே சொன்னதில்லை.

குமாரசாமி கோபிசெட்டிபாளையத்துக்காரர். 1990இல் ஒரு மருந்துக் கம்பெனியில் வேதியியலாளராக வந்து சேர்ந்தார். வந்த முதல் குளிர்காலத்தில் ஒருநாள் பிரிவுத் தலைவரின் அறையில் பியானோ இசை ஓடிக்கொண்டிருந்தது. இது யார் என்று கேட்டிருக்கிறார். ஷோப்பேன், போலந்துக்காரர் என்றிருக்கிறார் அந்த வெள்ளைக்காரர். அவ்வளவுதான். அன்று மாலையே குமாரசாமி ஊர் நூலகத்துக்குப் போய் ஒரு பை நிறைய கேசட்டோடு வீட்டுக்கு வந்தார்.

மொசார்ட், பீத்தோவன் பக்கம் அவர் போகவே இல்லை. அவர்களை நாலு பேர் கேட்டிருப்பார்கள், எதிர்க்கேள்வி வரும். போலந்து என்றால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். இந்தக் கணக்கு சாரதாவுக்குச் சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. கேசட் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் குறிப்புத் தாளை அவர் குளியலறையில் உட்கார்ந்து மனப்பாடம் செய்வார். கேசட்டை முழுதாகக் கேட்டது குறைவு. பாதியில் தூங்கிவிடுவார்.

பொங்கல் விழா ஏதாவதொரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் நடக்கும். காகிதத் தட்டில் புளியோதரையோடு நிற்கிற யாரையாவது பிடித்துக்கொண்டு அவர் தொடங்குவார். பெரும்பாலும் மாட்டிக்கொள்வது அவருடைய கம்பெனியிலேயே வேலை பார்க்கும் வெங்கடாசலம்.

"சோபின்னு ஒருத்தராமே அண்ணா, பெரிய ஆளுங்களா?" என்று அவர் ஒருமுறை தெரியாமல் கேட்டுவிட்டார்.

"சோபின் இல்லீங்க. ஷோப்பேன். வாயத் தெறந்து சொல்லிப் பாருங்க."

வெங்கடாசலம் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லிப் பார்த்தார். சரியாக வரும்வரை குமாரசாமி விடவில்லை. பிறகு மொன்யுஷ்கோ, வியன்யாவ்ஸ்கி, ஷிமனோவ்ஸ்கி என்று போலந்து இசைக்காரர்களின் பெயர்களைக் கண்ணை மூடிக்கொண்டு அடுக்கினார். வெங்கடாசலத்தின் அப்பளம் நமுத்துப் போனது.

அந்தச் சமயத்தில்தான் கோரெட்ஸ்கி என்ற போலந்துக்காரரின் சிம்பொனி ஒன்று அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் சினிமாப் பாட்டு மாதிரி விற்றது. தன் அலுவலகத்து வரவேற்பாளப் பெண்ணின் மேஜையில் அந்த இசைத் தகட்டைப் பார்த்த நாளிலிருந்து குமாரசாமி கோரெட்ஸ்கியைக் கைவிட்டுவிட்டார். எல்லாருக்கும் பிடிக்கிற மாதிரி எழுதுகிறவன் என்ன கலைஞன் என்று கேட்டார். சாரதாவுக்கு அந்தத் தகடு பிடித்திருந்தது. அவர் ஆபீஸ் போன பிறகு போட்டுக் கேட்பாள்.

இவருக்கு இன்னொரு தகுதியும் இருந்தது. சின்ன வயதில் கோபியில் கொஞ்ச காலம் மிருதங்கம் படித்தார். ஆரம்பப் பாடத்தைத் தாண்டவில்லை. ஆனால் தாளத்தில் தன்னை யாரும் அசைக்க முடியாது என்ற எண்ணம் மட்டும் அமெரிக்கா வரைக்கும் கூடவே வந்துவிட்டது. எந்த இசையானாலும் தொடையில் தட்டத் தொடங்கிவிடுவார். தாளத்தின் முதல் அடியைச் சமம் என்பார்கள். எங்கே சுற்றினாலும் பாட்டு அங்கே வந்து விழ வேண்டும் என்பது அவர் சட்டம். வார்சாவாக இருந்தால் என்ன, கோபியாக இருந்தால் என்ன என்பார்.

மகள் வான்மதிக்காக ஒரு பழைய பியானோ வாங்கினார்கள். பக்கத்து ஊரான சவுத் ரிவரில் போலந்துக்காரர்கள் அதிகம். அவர்களுடைய தேவாலயத்தை ஒட்டிய கட்டடத்தில் ஹலீனா என்ற அம்மாள் பியானோ சொல்லிக்கொடுத்தாள். சனிக்கிழமைதோறும் வான்மதிக்கு அங்கே வகுப்பு. பெண்ணுக்குக் கை நன்றாக ஓடியது. கொஞ்ச நாளில் ஷோப்பேனின் மசூர்க்காக்களுக்கு வந்துவிட்டாள். மசூர்க்கா என்பது மூன்று எண்ணிக்கையில் ஓடும் ஒரு நாட்டியத்திலிருந்து வந்த வடிவம். மூன்று என்று கேட்டதும் குமாரசாமிக்குக் கை துறுதுறுத்தது.

வீட்டில் பியானோவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு "தகிட தகிட" என்று சொல்லிச் சொல்லித் தட்டுவார். ஒவ்வொரு "த"விலும் குத்தினால்தான் விடுவார்.

"சமத்துல அடி கண்ணு. எதுக்கு அங்க நழுவற?"

"ஹலீனா மிஸ் டிஃபரென்ட்டா சொன்னாங்கப்பா."

"அந்தம்மா விரலுக்கு டீச்சர். தாளத்துக்கு நான் இருக்கேன்."

சாரதா சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். அவர் பக்கத்தில் இருக்கும்போது அந்த இசை கல் உடைக்கிற மாதிரி இருக்கும். அவர் கார் கிளம்பிப் போனதும் அதே பாட்டு வேறு மாதிரி வரும். எங்கேயோ ஒரு அடி தள்ளி நின்று, தயங்கி, பிறகு சட்டென்று தூக்கிக்கொண்டு போகும். பெண் இரண்டு விதமாக வாசிக்கப் பழகியிருக்கிறாள் என்று அவள் புரிந்துகொண்டாள். அப்பாவுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. சாரதாவும் அந்த வீட்டில் அப்படித்தான் இருந்தாள் என்பதால் அது அவளுக்குப் புதிதாகப் படவில்லை.

சனிக்கிழமைகளில் சாரதா கட்டடத்தின் கீழ்த்தளத்தில் காத்திருப்பாள். அங்கே அந்த ஊர்ப் பெண்கள் அக்கார்டியனும் பிடிலும் வைத்துக்கொண்டு ஆடப் பழகுவார்கள். சும்மா உட்கார்ந்திருந்தவளை ஒருநாள் இழுத்து வரிசையில் நிறுத்திவிட்டார்கள். சுடிதாரும் ஸ்னீக்கர்ஸுமாக அவளும் ஆடினாள். முதல் நாள் பக்கத்திலிருந்தவளின் காலை நன்றாக மிதித்தாள். ஏனென்றால் அவள் முதல் அடியில் மிதித்தாள். அவர்கள் இரண்டாவது அடியில் மிதித்தார்கள், அடுத்த தடவை மூன்றாவதில். முதல் அடியில் கால் சும்மா வழுக்கிக்கொண்டு போனது. சில வாரங்களில் அது அவள் காலுக்கு வந்துவிட்டது. இந்த ஆட்டத்தின் இசையைக் கேட்டு வளர்ந்துதான் ஷோப்பேன் மசூர்க்கா எழுதினார் என்று மேலேயிருந்து இறங்கி வந்த ஹலீனா சொன்னாள்.

வீட்டுக்கு வந்து சாரதா இதைக் கணவரிடம் சொன்னாள். அவர் சிரித்தார். அது கிராமத்துக் கூத்து, தொத்திறைச்சி தின்கிறவர்கள் ஆடும் போல்கா, ஷோப்பேனையும் அதையும் ஒரே வாயால் சொல்லாதே என்றார். போல்கா பிறந்தது பக்கத்து செக் நாட்டில், அங்கே அவர்கள் ஆடியது அதுவும் இல்லை. குறிப்புத் தாளில் அது இல்லாததால் அவருக்குத் தெரிய நியாயமில்லை. ஒருநாளும் அவர் கீழ்த்தளத்தில் கால் வைக்கவில்லை. அழைத்துப் போக வந்தால் காரிலேயே உட்கார்ந்து கேசட் போட்டுக்கொள்வார்.

1997 வசந்தத்தில் அந்த ஊர்ப் போலந்துச் சங்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கு மசூர்க்காப் போட்டி வைத்தது. முதலாவதாக வரும் பிள்ளைக்குப் பென்சில்வேனியா மலைப்பக்கத்தில் நடக்கும் கோடைகால இசை முகாமில் இடம். வான்மதி அதற்கு முன் எதையும் கேட்டதில்லை. இதை மட்டும் கேட்டாள். போட்டிக்கு முந்தின வாரம் சாரதா துணி மடித்துக்கொண்டே, எப்படி வாசிக்கப் போகிறாய் என்று விசாரித்தாள்.

"என் வழில வாசிப்பேம்மா. அப்பா வழில வாசிச்சா அது மார்ச்சிங் பேண்ட்."

"அப்பா முன் வரிசைல உக்காந்திருப்பாரு."

"ஐ நோ. நான் அந்தப் பக்கம் பாக்க மாட்டேன்."

போட்டியன்று குமாரசாமி புது சூட் போட்டுக்கொண்டார். வெங்கடாசலத்தையும் அழைத்து வந்து பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, மற்ற பிள்ளைகள் வாசித்ததையெல்லாம் மூக்கைச் சுளித்து ஒதுக்கினார். எல்லாம் சமம் தப்பிய கூட்டம் என்றார்.

வான்மதி வந்து உட்கார்ந்தாள். வாசிக்கத் தொடங்கியதும் குமாரசாமியின் கை தொடையில் விழுந்தது. அவர் தட்டுகிற இடத்தில் பாட்டு இல்லை. அவர் இன்னும் பலமாகத் தட்டினார். பாட்டு அடுத்த அடியில் எழுந்து திரும்பி, அவரைக் கடந்து போனது. "ச்சு" என்று வாயால் சத்தம் போட்டார். அதே வரிசையில் இருந்த வெள்ளைக்காரக் கிழவி திரும்பி முறைத்தாள். சாரதாவின் கால் நாற்காலிக்கு அடியில் சரியான இடத்தில் மிதித்தது. ஹலீனா சுவரோரம் நின்று தரையைப் பார்த்துப் புன்னகையை அடக்கிக்கொண்டிருந்தாள். அவள் முகத்திலிருந்தே சாரதாவுக்கு முடிவு தெரிந்துவிட்டது.

முதல் பரிசு வான்மதிக்கு. கூடம் கைதட்டியது. குமாரசாமி கைதட்டவில்லை. எழுந்து நின்று கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். அவர் என்ன செய்யப் போகிறார் என்று சாரதாவுக்குப் புரிந்தது. கோட்டின் நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருங்க. புள்ள மொகத்தப் பாருங்க."

"தப்புன்னா தப்புத்தான். நாளைக்கு யாராவது கண்டுபிடிச்சா எனக்கில்ல அசிங்கம்?"

பெண்ணின் முகாம் கைவிட்டுப் போகப் போகிறது, இவருக்கு அசிங்கம் வந்துவிடக் கூடாதாம். சாரதா கோட்டை விடவில்லை. அவர் அவள் கையைத் தட்டிவிட்டு நடுவர்களைப் பார்த்து ஆங்கிலத்தில் பேசினார். நான் இந்தப் பெண்ணின் தகப்பன், இந்தியத் தாளம் படித்தவன், நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும், என் மகள் ஒரு இடத்தில்கூட முதல் அடியை அழுத்தவில்லை, தொடக்கம் முதல் கடைசிவரை அதைத் தப்பவிட்டாள், ஆகவே பரிசு கொடுக்குமுன் யோசிக்க வேண்டும் என்றார்.

மேடையில் வான்மதி பியானோவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு தலைமை நடுவரான வெள்ளை மீசைக் கிழவர் சிரிக்கத் தொடங்கினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் போலிஷில் ஏதோ சொன்னதும் கூடம் முழுக்கச் சிரித்தது. முதல் அடியில் குத்தாதீர்கள் என்று வருஷக்கணக்காகப் பிள்ளைகளிடம் தொண்டை கிழியக் கத்துகிறேன், இதைவிட அழகாக இந்தப் பெண்ணை யாரும் பாராட்ட முடியாது, இதல்லவா நகைச்சுவை என்று ஆங்கிலத்தில் அவர் விளக்கினார். இறங்கி வந்து குமாரசாமியின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். முறைத்த கிழவிகூட எழுந்து கைதட்டினாள்.

சாரதா கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் அதில் ஒன்றும் இல்லை. பிறகு கொஞ்சம் பயம். எங்கேயோ பெரிய தப்பு நடந்திருக்கிறது, அது தன்னுடையதுதான் என்பது அவருக்கு உறைத்த கணம் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அந்தக் கணத்தில் அவர் தலை குனிந்திருந்தால், இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து அவள் அவரை மன்னித்திருப்பாள். அவர் புன்னகை செய்தார். அடக்கமாக, ரசிகர்களை ஏற்றுக்கொள்கிற வித்வானைப் போல, கூட்டத்தை நோக்கிக் கையைக் கொஞ்சம் உயர்த்தினார்.

வாகன நிறுத்தத்தில் வெங்கடாசலம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணா, கலக்கிட்டீங்க. அவங்க பாட்ட வெச்சே அவங்களச் சிரிக்க வெச்சுட்டீங்களே."

"கொஞ்சம் விஷயம் தெரியணும் வெங்கடாசலம். அவ்வளவுதான்."

கார் கிளம்பி ரூட் 18 நெடுஞ்சாலையில் ஏறியது. பின்னால் உட்கார்ந்திருந்த வான்மதிதான் தொடங்கினாள்.

"ஸோ, உங்களுக்குத் தெரியுமாப்பா? இத்தனை நாளும்?"

"தெரியாம? நீயாக் கண்டுபிடிக்கோணும்னுதான் மாத்திச் சொல்லிக் குடுத்தேன். அப்படித்தான் வித்தை ஏறும்."

கண்ணாடியில் பெண்ணின் முகம் சாரதாவுக்குத் தெரிந்தது. எத்தனை மாலைகள் அந்தப் பிள்ளை பியானோ முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். வான்மதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு "ஓகே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அது பொய் என்று சொல்லிவிடலாமா என்று சாரதா நினைத்தாள். ஆனால் முகாமுக்குத் தகப்பனின் சம்மதக் கையெழுத்து வேண்டும். இப்போது வாயைத் திறந்தால் அவர் ரோஷத்தில் போட மாட்டார்.

வீட்டுக்கு வந்ததும் காபி போட்டுக்கொடுத்தாள். கூடவே சம்மதத் தாளையும் பேனாவையும் வைத்தாள். அவர் நல்ல குஷியில் இருந்தார், படிக்காமலே போட்டார். சாரதா தாளை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, ஜோக்கு நல்லா இருந்துச்சு. அது ஜோக்குன்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். அவளை நேராகப் பார்த்தார். இப்போதாவது ஏதாவது உடையும் என்று அவள் காத்திருந்தாள்.

"அடுத்த வருஷம் என்னையே ஜட்ஜா உக்காரச் சொல்லுவாங்கன்னு நெனைக்கறேன்" என்றார் குமாரசாமி. "மாட்டேன்னுதான் சொல்லோணும். நேரம் இல்ல பாரு."

சாரதா எழுந்து முகாமுக்கு இப்போதே பெண்ணின் பெட்டியை எடுத்து வைக்கப் போனாள்.