அப்பாவுக்கு ஒரு கீழ் வீடு

அப்பாவைச் சென்னைக்குக் கூட்டி வருவது என்று முடிவானபோது நான் மண்ணூர்பேட்டையில் ஒரு பெண்கள் விடுதியில் இருந்தேன். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் இருக்கும் கம்பெனிக்கு நடந்தே போய்விடலாம் என்பதைத் தவிர அந்த விடுதியில் நல்லது என்று சொல்ல ஒன்றுமில்லை. திண்டுக்கல்லில் தம்பியோடு இருந்த அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. தம்பிக்கோ வெளிநாட்டில் வேலை கிடைத்து, கிளம்பும் நாளும் குறித்தாகிவிட்டது. அவன் மனைவி கைக்குழந்தையோடு தன் அம்மா வீட்டுக்குப் போகிறாள். எங்கள் அம்மா உயிரோடு இல்லை. மிச்சம் நான்தான்.

கீழ்த்தளத்தில் ஒரு வீடு, சக்கர நாற்காலி நுழைகிற வாசல். நான் கேட்டது அவ்வளவுதான். வேலை முடிந்ததும் அம்பத்தூர், ஆவடி என்று டு-லெட் பலகைகளைப் பார்த்துக்கொண்டே தெருத்தெருவாக நடப்பேன். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "எத்தனை பேரும்மா?" நானும் அப்பாவும் என்பேன். "வீட்டுக்காரர்?" இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பேன். அதுவரைகூடப் பேச்சு ஓடும். அப்பா படுக்கையில் இருப்பதைச் சொன்னதும் முகம் மாறிவிடும். பட்டாபிராமில் ஒரு அம்மா சாவியைக் கையில் வைத்துக்கொண்டே, கதவைத் திறக்காமல், "வாடை சுவத்துல ஏறிடும்மா, அப்புறம் போகவே போகாது" என்றார். அன்று பேருந்தில் என் துப்பட்டாவை நானே முகர்ந்து பார்த்துக்கொண்டேன்.

கடைசியில் ஒரு புரோக்கர் பருத்திப்பட்டில் வீடு பிடித்துக் கொடுத்தார். அப்பாவின் நிலைமையை அவரிடம் ஒன்று விடாமல் சொல்லியிருந்தேன். "ஓனர்கிட்ட பேசிட்டேன் மேடம், நீங்க டென்ஷனே ஆவாதீங்க" என்றார். நம்பினேன். நம்பாமல் வேறு என்ன செய்ய?

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேன் வந்தது. பின்னால் கட்டிலும் பாத்திரங்களும். நடுவில், இருக்கையை எடுத்துவிட்டுப் போட்ட மெத்தையில் அப்பா. தம்பி அவர் தலையை மடியில் வைத்தபடி வழி முழுக்க வந்திருந்தான். நாங்கள் இருவரும் சேர்ந்து அப்பாவை நாற்காலிக்கு மாற்றும்போது வீட்டுக்காரர் வெளியே வந்தார். ஓய்வு பெற்ற மனிதர், நெற்றி நிறைய விபூதி. அப்பாவின் தொங்கும் கையைப் பார்த்தார், மூத்திரப் பையைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

"வயசானவர்னுதானேம்மா புரோக்கர் சொன்னான்?"

"சார், நான் எல்லாத்தையும் சொல்லித்தான்..."

"தப்பா நினைக்காதேம்மா. பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துட்டு இருக்கோம். இந்த நேரத்துல வீட்டுல ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா..."

அப்பாவுக்குக் கை கால்தான் விழுந்ததே தவிர காது நன்றாகக் கேட்கும். தம்பி வீட்டுக்காரரிடம் கெஞ்சினான். நானும் கெஞ்சினேன். காலில்கூட விழுந்திருப்பேன்; அதற்குள் அவர் கேட்டை மூடிவிட்டார். மூடும்போதும், "மன்னிச்சுக்கம்மா" என்றுதான் சொன்னார்.

புரோக்கர் போனை எடுக்கவில்லை. எங்கே போவதென்று தெரியாமல் ஏரிக்கரைப் பக்கம் வேனை நிறுத்தச் சொன்னேன். வெயில் ஏறிக்கொண்டே போனது. சாயங்காலத்துக்குள் கிளம்பினால்தான் மறுநாள் சவாரிக்குப் போக முடியும் என்று டிரைவர் முனகினார். தம்பியும் அதே வேனில் திரும்பியாக வேண்டும்.

அப்பா என் கையைத் தொட்டார். வார்த்தை குழறியது. "ஆத்தா... வெளிக்கி."

ஏரியைச் சுற்றி நடைபாதையில் குடும்பம் குடும்பமாக ஆட்கள். குழந்தைகள் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தார்கள். வேனின் பக்கக் கதவுக்கு முன்னால் தம்பி போர்வையை அகலமாக விரித்துப் பிடித்துக்கொண்டு, எங்களுக்கு முதுகு காட்டி நின்றான். நான் உள்ளே மண்டியிட்டு அப்பாவைச் சுத்தம் செய்தேன். குடிக்க வைத்திருந்த கேன் தண்ணீர்தான் இருந்தது. அப்பா கண்ணை இறுக மூடியிருந்தார். தம்பியின் தோள் குலுங்குவது தெரிந்தது.

"நான் போகலக்கா" என்றான் திரும்பாமலே. "டிக்கெட்டக் கேன்சல் பண்ணிர்றேன்."

"போகாம? மூணு பேரும் தெருவுல நிக்கவா?" என்று கத்திவிட்டேன்.

அப்பா அப்போதுதான் கண்ணைத் திறந்தார். "என்னைய ஏதாச்சும் ஆசுபத்திரி வாசல்ல விட்டுட்டுப் போங்க ஆத்தா" என்றார். இத்தனை நீளமாக அவர் பேசி ரொம்ப நாளாகியிருந்தது. ஒவ்வொரு சொல்லையும் கஷ்டப்பட்டு, எங்களுக்குப் புரிய வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் சொன்னார். நான் வேனிலிருந்து இறங்கி, மரத்தடிக்குப் போய் நின்று மறுபடி புரோக்கருக்குப் போன் போட்டேன். எடுக்கும்வரை போட்டுக்கொண்டே இருந்தேன்.

எடுத்தார். திட்ட வேண்டும் என்று நினைத்திருந்தேன், அழுகைதான் வந்தது. "எங்கேயாவது, எப்படியாவது இருந்தாலும் சரிண்ணே" என்றேன்.

"கரையான்சாவடில ஒரு ஊடு கீது மேடம்" என்றார். "கீழ் ஊடுதான். ஆனா ஒரு சாவு உளுந்த ஊடு. சொன்னா எல்லாம் ஓடிடறாங்கோ. அதான் உங்களுக்குக் காட்டல."

மெயின் ரோட்டுக் கடைகளுக்குப் பின்னால், குறுகலான தெருவில் இருந்தது அந்த வீடு. வீட்டுக்கார அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஒரு காலத்தில் அந்தப் பக்கமெல்லாம் அவர்கள் குடும்பத்து நெல் வயலாம். இப்போது மகன் ஆட்டோ ஓட்டுகிறான். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேராக வேனுக்கு வந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இன்னா நைனா, ரொம்ப தூரம் வந்துகினு கீறியா?" என்று அப்பாவிடம் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "இத்த பாரு, எங்க மாமியா இந்த ரூமுலதான் படுத்துனு இருந்து போச்சு. போன ஆடில. அப்புறமா சொல்லலன்னு என்னைக் கேக்கக் கூடாது, ஆமா."

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றேன். "எங்கப்பாவ..."

"அதான் பாத்தேனே. தூக்கினு வா முதல்ல. வெயிலு."

எங்கள் கட்டில் வாசலில் நுழையவில்லை. மெத்தையைத் தரையிலேயே போட்டு அப்பாவைக் கிடத்தினோம். வெள்ளையடித்த வாடை இன்னும் போகவில்லை. கழிவறைக் கதவைச் சாத்த முடியவில்லை, குழாயில் உப்புத் தண்ணீர். எதுவும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. தம்பி அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டிரைவர் ஹாரன் அடித்ததும் எழுந்து, என்னைப் பார்க்காமல் வெளியேறினான். வேன் திரும்ப இடமில்லாமல் தெரு முழுக்கப் பின்னாலேயே போனது. அதனால் முன் இருக்கையில் இருந்த அவன் முகத்தைத் தெரு முனை வரைக்கும் பார்க்க முடிந்தது.

உள்ளே வந்தபோது அப்பா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார். மறுநாள் வேலைக்குப் போனால் இவரை யார் பார்ப்பது என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. கதவோரமாக உட்கார்ந்து கம்பெனிக்கு லீவு கேட்டு ஒரு மெசேஜ் அனுப்பினேன். என்ன காரணம் எழுதுவது என்று தெரியாமல், வீடு மாறுகிறேன் என்று மட்டும் எழுதினேன்.