சலங்கை கட்டிய சாவி

முன்னறையில் சலங்கை குலுங்கியது.

சமையற்கட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்த திருமூர்த்தியின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. மருதமலை அடிவாரத்தில் வாங்கி, முதலாளியின் பழைய சாப் கார் சாவியில் தன் கையாலேயே கட்டிய சலங்கை அல்லவா அது!

“பாவாத்தா, முதலாளி நம்ம ஊட்டுக்கே வந்துட்டாராட்ட!” மனைவியிடம் சொல்லிக்கொண்டே கைகூடக் கழுவாமல் ஓடினார்.

முதலாளி இல்லை. யாரோ ஓர் இளைஞன் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு நின்றான்.

“ஏனுங்கண்ணா, நான் மனோஜ்குமாருங்க, ஆர்.எஸ்.புரம். வண்டிய நான் வாங்கிப்போட்டேனுங்க. ஓட்டுற பக்குவத்த உங்ககிட்டக் கேட்டுக்கச் சொன்னாருங்க முதலாளி.”

தங்கை மகள் சீருக்குத் தாராபுரம் போய்விட்டு நேற்றுத்தான் திரும்பியிருந்தார் திருமூர்த்தி. அதற்குள்ளாகவா!

லாரி கிளீனராகச் சிங்காநல்லூருக்கு வந்தவர் அவர். மில் முதலாளி வெங்கடபதி, 1979இல் ஸ்வீடனில் செய்த அந்த டர்போ காரை வரவழைத்தபோது ஸ்டியரிங்கை இவர் கையில்தான் கொடுத்தார். வேகமாக ஓடி வந்த வண்டியை உடனே அணைக்கக் கூடாது. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ கனலாய்ச் சிவந்திருக்கும். இரண்டு நிமிடம் இன்ஜின் சும்மா ஓட வேண்டும். முதலாளியும் இறங்காமல் உட்கார்ந்திருப்பார். முதலாளியம்மா இறந்த துக்கமும், பாவாத்தாளுக்குத் தங்காமல் போன பிள்ளையின் கதையும் அந்த இரண்டு நிமிடங்களில்தான் பேசப்பட்டன. “உங்கிட்டச் சொல்லாம இந்த வண்டிய வெளிய அனுப்ப மாட்டேன் மூர்த்தி” என்று முதலாளி தோளைத் தொட்டுச் சொன்னதும் அப்போதுதான்.

இடக்கையால் நாற்காலியை இழுத்துப் போட்டார். “உக்காருங்க தம்பி.”

“போன மாசம் வந்த புது சாப்பையும் நீங்கதான ஓட்டறீங்க? எது ஒசத்திங்க?”

“புதுசு சொன்ன பேச்சுக் கேக்குமுங்க. மிதிச்சதும் போயிரும். பழசு சித்த நேரம் யோசிக்கும். நாம மிதிச்சதையே மறந்திருப்பமுங்க, அப்பப் பாத்து ஆரோ பின்னால எட்டி ஒதைச்சாப்ல பறக்கும்!”

“கடைக்குப் போகச் சொன்னா நீங்களும் அப்புடித்தானுங்களே!” உள்ளேயிருந்து பாவாத்தாள்.

மனோஜ்குமார் சிரித்தான். திருமூர்த்தியின் நெஞ்சுக்குள் ஒரு பாம்பு தலை தூக்கியது. அந்த இரண்டு நிமிடத்தைச் சொல்லாமல் விட்டால்? டர்போ கருகிப்போகும். சொல்லாமல் விற்றவர் பெயர் கெடட்டுமே!

ஐயோ, வண்டி என்ன பாவம் செய்தது?

“ஓடி வந்ததும் அணைச்சுப்போடாதீங்க கண்ணு. ரெண்டு நிமிசம் ஓடட்டும். புதுசுல தண்ணி ஓடி டர்போவ ஆத்தீருமுங்க. பழசுக்கு எண்ணெய் மட்டுந்தான்.”

“அட, அத முதலாளியே சொல்லிட்டாருங்க! அந்த ரெண்டு நிமிசத்துக்குப் பயந்துதான் புதுசே வாங்குனாராமா. அவரு பாட்டுக்கு எறங்கிப் போனா உங்க மூஞ்சி வாடிப்போயிருமாமா. டிரைவர் கதையக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சுன்னு ஒரே சிரிப்புங்க!”

திருமூர்த்தியும் சிரித்தார். வந்தவன் முகத்துக்காகச் சிரித்தார். கண்கள் மட்டும் சலங்கையை விட்டு நகரவில்லை.

“தம்பி, அந்தச் சலங்கைய மட்டும் கழட்டி எடுத்துக்கட்டுங்களா?”

“இருக்கட்டுமுங்கண்ணா, சத்தம் நல்லா இருக்குது. வாரேனுங்க.”

சலங்கைச் சத்தம் படியிறங்கித் தெருமுனையில் நின்ற வண்டியை நோக்கிப் போனது. உள்ளேயிருந்து வந்த பாவாத்தாள் கணவனின் முகத்தைப் பார்த்தாள். வண்டி கிளம்பும் சத்தம் அவர் காதில் விழுவதற்குள் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள்.