கேஸ் கடைக்கு அடுத்த நம்பர்

பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிற வேலையில் ஒரு காதை எப்போதும் வாசல் பக்கம் வைத்திருக்க வேண்டும். யாருடைய மோட்டார் சைக்கிள் வந்து நிற்கிறது என்று தெரிந்த பிறகுதான் வாயைத் திறக்கலாம். இப்படி ஒரு வகுப்பில் மாட்டிக்கொண்டவர்கள் இதைப் படித்தால், அவர்களும் தலையை ஆட்டுவார்கள்.

நான் கோப்பெங் பக்கத்து எஸ்டேட் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். கல்யாணமாகி ஈப்போவில் இருக்கிற புந்தோங்குக்கு வந்தேன். இங்கே கோயில் மண்டபத்துக்குப் பின்னால் ஓர் அறையில், சனிக்கிழமை மத்தியானம் பொம்பளைகளுக்கு மலாய் எழுத்தும் நம்பரும் சொல்லித் தருகிறோம். நடத்துகிறவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு டீச்சர், யாழ்ப்பாணத்துக் குடும்பம். நான் இடுப்பில் மகளோடு அவருக்குத் துணை. புது ஆள் யாராவது முகத்தைப் பார்த்துப் பேசினால் எனக்கு இன்னமும் வாய் வராது.

முழுக்கைச் சட்டை

பார்வதி அக்கா ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவர். ஈப்போ வெயிலிலும் வீட்டுக்காரருடைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வருவார். ஒருநாள் எழுதும்போது சட்டைக் கை மேலே ஏறிவிட்டது. முழங்கைக்குக் கீழே நீலமும் மஞ்சளுமாகத் தடம், ஒன்று பழசு, ஒன்று புதுசு. "அக்கா, இது என்ன" என்று கேட்கப் போனேன். மேசைக்கு அடியில் டீச்சர் என் காலை நன்றாக மிதித்தார். பார்வதி அக்கா மெதுவாகக் கையை இழுத்து விட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து எழுதினார்.

எல்லாரும் போன பிறகு, காலைத் தடவிக்கொண்டே டீச்சரிடம் ஏன் என்று கேட்டேன். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்: "எல்லாருக்கும் முன்னால கேட்டா இண்டைக்குப் பதில் வரும் பிள்ளை, அடுத்த சனிக்கிழமை ஆள் வராது."

சுவர்ப் படம்

காலேஜ் பிள்ளைகள் சிலர் வந்தார்கள். நல்ல பிள்ளைகள். பெரிய படம் ஒன்று கொண்டுவந்திருந்தார்கள்: கண் வீங்கிய ஒரு பெண்ணின் முகம், கீழே மலாயில் 'அடி வாங்கிக்கொண்டு மறைக்காதீர்கள், கூப்பிடுங்கள்' என்று எழுதி ஒரு நம்பர். எங்களுக்கெல்லாம் சந்தோஷம். எல்லாருக்கும் தெரியட்டும் என்று வாசலுக்கு நேரே ஒட்டினோம். டீச்சர்தான் நாற்காலியில் ஏறி டேப் ஒட்டினார், நான் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் பாதி நாற்காலி காலி. பார்வதி அக்கா மட்டும் லேட்டாக வந்தார், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு. அவருடைய வீட்டுக்காரர் சேகர் அண்ணன் லாரி ஓட்டுகிறவர். மனைவியைக் கூட்டிப்போக வந்தபோது வாசலில் நின்றே படத்தைப் பார்த்திருக்கிறார். வீட்டுக்குப் போனதும், "அங்க போயி என்னைப் பத்தி என்னடி சொன்னே?" என்று ஆரம்பித்தாராம். டீச்சர் மறுபடியும் நாற்காலியில் ஏறிப் படத்தைக் கிழித்தார். கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்த பார்வதி அக்கா சொன்னார்: "நாங்க இன்னும் எம் எழுத்து வரைக்கும்தான் டீச்சர் வந்திருக்கோம், அவரு மொத்தத்தையும் படிச்சிட்டாருலா."

பெயர் இல்லாத நம்பர்கள்

அதற்குப் பிறகு நம்பர் பாடம் வைத்தோம். போர்டில் நாலு நம்பர், எதற்கும் பெயர் எழுதமாட்டோம். முதலில் கிளினிக், அடுத்து பள்ளிக்கூடம், அடுத்து கேஸ் கடை, கடைசியில் அந்தப் படத்தில் இருந்த நம்பர். வரிசையை வைத்து மனசில் ஏற்றிக்கொள்ள வேண்டியதுதான். என் மகளுடைய விளையாட்டுப் போனில் ஒவ்வொருவராக அழுத்திப் பழகுவார்கள்.

ஒருநாள் டீச்சர் பின்னால் டீ கிளாஸ் கழுவப் போயிருந்த நேரம், மோட்டார் சத்தம் கேட்டது. சேகர் அண்ணன் செருப்போடு உள்ளேயே வந்துவிட்டார்.

"என்ன தங்கச்சி, போர்டு பூரா நம்பரு? எல்லாரும் லாட்டரி எடுக்கப் போறீங்களா?"

"நம்பர் பாடம்ணே," என்றேன். டஸ்டர் என் கையில்தான் இருந்தது. இப்போது அழித்தால் சந்தேகப்படுவார், அழிக்காவிட்டால் படித்துவிடுவார்.

"படிச்சு எலெக்ஷன்ல ஜெயிச்சு ஒய்.பி.யா ஆகப்போறா இவ?" என்று சிரித்துவிட்டு, பார்வதி அக்காவைப் பார்த்து மூன்றாவது வரியில் விரலை வைத்தார். "இது யாரு நம்பரு? சொல்லு."

"கேஸ் கடைங்க."

"அப்படியா?" போனை எடுத்து, போர்டைப் பார்த்துப் பார்த்து அழுத்தி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டார். மணி அடித்தது. அவர் விரல் கீழே நழுவி நாலாவது வரிமேல் நின்றது. பார்வதி அக்கா பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹலோ! கேஸ் மாவ் பெராப்பா?" என்று கடை முதலாளி சீனத் தவுக்கே, எத்தனை கேஸ் வேண்டும் என மலாயில் கத்தினார்.

யாரோ களுக்கென்று சிரித்து, பாதியில் நிறுத்தினார்கள். சேகர் அண்ணன் போனை வெட்டிவிட்டு, விரலில் ஒட்டிய சாக்பீஸ் தூளை என் மேசை விரிப்பில் துடைத்தார். "த்சே, இதுக்குத்தான் வாரா வாரம் பெட்ரோல் கொட்டறேனா?"

பூட்டிய கேட்

பிறகு சில வாரம் பார்வதி அக்கா வரவே இல்லை. வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாமா என்றால், நாங்கள் போனதற்கும் சேர்த்து அக்காதானே அடி வாங்குவார் என்று டீச்சருக்குப் பயம். ஒரு சனிக்கிழமை டீச்சருக்குப் பார்வதி அக்காவிடமிருந்து போன் வந்தது. டீச்சர் அதை மேசை நடுவில் வைக்க, நாங்கள் எல்லாரும் குனிந்து கேட்டோம்.

சேகர் அண்ணன் கேட்டை வெளியே பூட்டிவிட்டு, பாகான் செராய்க்கு லோடு ஏற்றிப் போயிருக்கிறார். முந்தின நாள் அடியில் பார்வதி அக்காவுக்கு ஒரு காது இரைந்துகொண்டே இருந்திருக்கிறது. பக்கத்து வீட்டைக் கூப்பிடலாம் என்றால் அது வீட்டுக்காரருடைய கூடப்பிறந்த அண்ணன் வீடு. கூட இருந்த தன் பிள்ளையின் போனை எடுத்து நாலாவது நம்பரை அழுத்தியிருக்கிறார். தமிழிலேயே ஒரு பெண் பேசி, எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்க, "கோயிலுக்குப் பின்னால, கோழிக் கடைச் சந்து" என்று சொல்லியிருக்கிறார். தெருப் பெயர் வேண்டுமாம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்தி, சந்து முனையில் இருக்கிற போர்டை ஒவ்வொரு எழுத்தாகப் படித்துச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் அவசரப்படுத்தாமல் எழுதிக்கொண்டாராம். சாயங்காலத்துக்குள் போலீசோடு வந்து பூட்டை வெட்டி, அக்காவையும் பிள்ளையையும் கூட்டிப் போய்விட்டார்கள். எங்கே என்று நாங்கள் கேட்கவில்லை.

டீச்சர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பிழையில்லாமல் வாசிச்சிட்டியோ?" என்று கேட்டார். போனில் பார்வதி அக்கா சிரித்தது கேட்டது.

"எங்க டீச்சர், நடுவுல காக்கா எச்சம், ரெண்டு எழுத்தே தெரியல. குத்துமதிப்பாத்தான் சொன்னேன்லா."

மற்ற வகுப்புகளில் டீச்சர்மார் கரும்பலகையைத் துடைப்பார்கள். நாங்களோ இப்போதெல்லாம் ஈரத் துணியும் ஏணியுமாகப் புந்தோங் தெருப் பலகைகளைத் துடைத்துக்கொண்டு திரிகிறோம்.