சிறுத்தையின் ரத்தத்தோடு திருப்பதி பஸ்ஸில்

காலை 9.40. சித்தூர் பஸ் நிலையத்துக் கரும்புச்சாறு கடையில் பத்து ரூபாய்க்கு ஐஸ் வாங்கினேன். எல்லாம் கெட்டது அந்த நிமிஷத்தில்தான்.

என் மகள் வனத்துறையில் கால்நடை மருத்துவர். கிணற்றில் விழுந்த சிறுத்தை ஒன்றைத் தூக்கிக் கூண்டில் வைத்திருந்தார்கள். அது விடாமல் இருமியது. காசநோய் என்றால் மற்ற சிறுத்தைகளுக்கும் ஒட்டிக்கொள்ளும்; ஆயுசு முழுக்கக் கூண்டுதான். அன்று காலை மயக்க ஊசி போட்டு ரத்தம் எடுத்தார்கள். கொண்டுபோக வேண்டிய ஜீப் கிளம்பவில்லை. லீவில் இருந்த என்னைக் கூப்பிட்டுச் சின்னத் தெர்மாகோல் பெட்டியைக் கொடுத்தாள்.

"மத்தியானத்துக்குள்ள திருப்பதி லேப்ல குடுத்துடு நைனா. வெயில் படாம பாத்துக்கோ."

நான் மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் தரம் பார்க்கிறவன். சோதனைக்குப் போகும் எதுவும் எங்களிடம் ஐஸில்தான் போகும். கை தானாகப் பெட்டிக்குள் ஐஸைப் போட்டது.

10.05க்கு பஸ் புறப்பட்டது. எழுபது கிலோமீட்டர். பூதலப்பட்டு தாண்டுவதற்குள் பெட்டி சொட்ட ஆரம்பித்தது.

"ஏமி சார், மீனா?" என்றார் கண்டக்டர். "மீனுன்னா எறங்கிக்கோ. போன வாரம் ஒருத்தரு கொண்டாந்து மூணு நாளு பஸ்சே நாறிச்சி."

"மீன் இல்லப்பா. சிறுத்தை ரத்தம். காசநோயான்னு பாக்கணும்."

பக்கத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த அம்மாள் ஒரு சாண் நகர்ந்து உட்கார்ந்தார். "அய்ய, அதுக்குமா வருது? எங்க வூட்டுக்காரரு ஆறு மாசம் மாத்திரை துன்னாரு. இப்ப எருமையாட்டம் கீறாரு. கவலப்படாத."

சந்திரகிரி கோட்டையைத் தாண்டி, 12.20க்கு லேப் போய்ச் சேர்ந்தேன். பெட்டியைத் திறந்த பரிசோதகர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐஸ் வெச்சது யாரு?"

"நான்தான்."

"ரத்தத்துல இருக்கிற அணுக்கள் உயிரோட இருந்தாத்தான் சார் இந்த டெஸ்ட்டே. காசநோய்க் கிருமியோட புரதத்த அதுல கலப்போம். அந்த நோயைப் பாத்த அணுவா இருந்தா பதில் குடுக்கும். குளுருல கெடந்தது என்ன பதில் குடுக்கும்?"

இளைத்த மிருகம். இன்னொரு மயக்க ஊசி தாங்குமா? மகளுக்கு போன் செய்தபோது எண்ணை மூன்று தடவை தப்பாக அழுத்தினேன். அவள் திட்டவில்லை. "அங்கயே இரு" என்று மட்டும் சொன்னாள்.

2.30க்கு வனக் காவலரின் பைக்கில் வந்து இறங்கினாள். சட்டைப் பையிலிருந்து இன்னொரு குழாயை எடுத்தாள். எப்போதும் இரண்டு எடுத்து ஒன்றைத் தன்னிடம் வைத்துக்கொள்வது அவள் வழக்கமாம்.

"தப்பு என்னுது நைனா. ஃபேக்டரி ஆளுகிட்ட ஐஸ் வெக்காதன்னு சொல்லியிருக்கணும்" என்றாள். சிறுத்தையைப் பார்க்க உடனே சித்தூர் திரும்பிவிட்டாள்.

முடிவு மறுநாள் சாயங்காலம்தான் என்றார்கள். நான் திரும்பவில்லை. மறுநாள் முழுக்க லேப் வாசலில் இருந்தேன். எதிரே திருமலை தெரிந்தது. மேலே போகக் கால் வரவில்லை. அவளுடைய பரீட்சை முடிவுகளுக்குக்கூட இப்படி நான் காத்திருந்ததில்லை.

மாலை 5.15. ரிப்பேரான ஜீப்பில் மகள் வந்தாள். நேரே உள்ளே போனாள். வெளியே வந்தபோது கையில் ஒரு தாள்.

"காசநோய் இல்ல நைனா. கெணத்துத் தண்ணி நெஞ்சுல ஏறியிருக்கு, அதான் இருமல். சரியானதும் காட்டுல உட்டுடலாம். நீயும் வா."

நான் தலையாட்டினேன்.

"ஐஸ் மட்டும் வாங்கிக்கினு வராத."